மூன்று வாசல், ஒரு ரீடர்

“எந்த ரீடரை வாங்கறதுங் டீச்சர்?”

வந்து உட்காரக்கூட இல்லை, அதற்குள் கேட்டுவிட்டார் தண்டபாணி. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குக் குடோன் மேனேஜர். டீச்சர் என்று அவர் கூப்பிட்ட மெஹருன்னிசாவுக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். குடோன்காரர்களுக்குக் கம்ப்யூட்டர் வகுப்பு எடுத்தவர். அன்றிலிருந்து சந்தேகம் வந்தால் அங்கே ஓடுவது தண்டபாணியின் வழக்கம்.

விஷயம் இதுதான். ஏற்றுமதிக்குப் போகும் அட்டைப்பெட்டி ஒவ்வொன்றிலும் சிப் வைத்த ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். குடோனின் மூன்று வாசல்களில் நடு வாசலில் மாட்டியிருக்கும் ரீடர் அதைத் தொடாமலே படித்து, பெட்டி லாரியில் ஏறிவிட்டது என்று கம்ப்யூட்டரில் எழுதிவிடும். அப்படிச் சொல்லித்தான் விற்றார்கள்.

ஆனால் ஏறாத பெட்டியையும் ஏறியதாக எழுதித் தொலைத்தது அந்தச் சனியன். லாரி குறைப் பெட்டிகளோடு தூத்துக்குடி போய்ச் சேர்ந்தது. மிச்சப் பெட்டிகள் பக்கத்து வாசலில் சிவனே என்று கிடந்தன. ஆர்டர் கொடுத்த வெளிநாட்டுக்காரன் காய்ச்சி எடுத்துவிட்டான். இன்னொரு தடவை இப்படி ஆனால் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று முதலாளி சொல்லிவிட்டார். இந்த வயதில் எந்தக் கம்பெனி கூப்பிட்டு நாற்காலி போடும்?

சரி, புது ரீடர் வாங்கிவிடலாம் என்று விசாரித்தார். அங்கேதான் வந்தது வினை. ஒருவர் இதைவிடப் பெரியது வாங்கச் சொன்னார். இன்னொருவர் மூன்று வாசலுக்கும் மூன்று மாட்டச் சொன்னார். வேறொருவர், கையில் பிடிக்கிறதே போதும், ஆனால் ஆளுக்கொன்று வேண்டும் என்றார். எல்லாமே முதலாளியிடம் வாய் திறந்து சொல்லக் கூசுகிற விலை. யார் பேசினாலும் அவர் சொல்வதே சரி என்று பட்டது. சாயங்காலத்துக்குள் முடிவு சொல்லியாக வேண்டும்.

மெஹருன்னிசா ஒன்றே ஒன்று கேட்டார்.

“இப்ப இருக்கறதை எவ்வளவு பவர்ல ஓட்டறீங்கண்ணா?”

“முழுசாத்தானுங். அத்தனை காசு குடுத்து வாங்கிட்டு, குறைச்சு ஓட்டுவாங்களா?”

மெஹருன்னிசா சிரிக்கவில்லை. குடோனுக்குப் போகலாம் என்று எழுந்தார்.

அங்கே லோடு ஏறிக்கொண்டிருந்தது. அவர் ரீடரை ஏறிட்டும் பார்க்கவில்லை. நேராக நடு வாசலில் போய் நின்று, தொண்டை கிழியக் கத்தினார்.

“அண்ணா!”

திருப்பூரில் அண்ணா அல்லாதவர் யார்? பெட்டி தூக்கியவர் திரும்பினார். மூன்றாவது வாசலில் அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். வாட்ச்மேன் எழுந்தே விட்டார். லாரி டிரைவர் டீ கிளாஸோடு எட்டிப் பார்த்தார். பக்கத்திலேயே நின்ற தண்டபாணியும், “சொல்லுங் டீச்சர்” என்றார்.

மெஹருன்னிசா திரும்பியவர்களை எண்ணிக்கொண்டு நின்றார். வேலை நின்றதுதான் மிச்சம். தண்டபாணிக்கு மானம் போயிற்று.

எல்லோரும் முணுமுணுத்தபடி வேலைக்குத் திரும்பினார்கள். அப்புறம் மெஹருன்னிசா, பெட்டியோடு வாசலைத் தாண்டிக்கொண்டிருந்த ஒருவரின் அருகில் போய், மெதுவாக “அண்ணா” என்றார்.

அந்த ஒருவர் மட்டும் திரும்பினார்.

ஒன்றுமில்லை, நீங்கள் போங்கள் என்று அவரை அனுப்பிவிட்டார்.

தண்டபாணிக்குப் பொறுக்கவில்லை. “நான் ரீடரைக் கேட்டா, நீங்க ஆளைக் கூப்பிட்டு விளையாடறீங்களே டீச்சர். எனக்கு வேலை போயிருமுங்.”

“மொதல்ல எத்தனை பேர் திரும்புனாங்க?”

“எல்லாருந்தானுங்.”

“அதுல பெட்டியோட வாசலைத் தாண்டினது எத்தனை பேர்?”

தண்டபாணி பக்கத்து வாசலில் அடுக்கியிருந்த பெட்டிகளைப் பார்த்தார். ரீடரைப் பார்த்தார்.

பிறகு கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்து, ரீடரின் பவரை இறக்கினார். மனசே வரவில்லை, இருந்தாலும் இறக்கினார். இன்னும் கொஞ்சம் இறக்கினார். ஒரு பெட்டியை வாசல் தாண்டிக் கொண்டுபோகச் சொன்னார்.

ரீடர் பீப் என்றது.

பக்கத்து வாசல் பெட்டிகளுக்கும் அடிக்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். அடிக்கவில்லை. அடுத்த பெட்டி தாண்டியபோதுதான் அடித்தது.

அந்நேரம் பார்த்து மாடியிலிருந்து முதலாளி கத்தினார். “அண்ணா, எந்த ரீடர்னு முடிவாச்சா?”

குடோன் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

தண்டபாணி இருந்த இடத்திலிருந்து பதில் சொல்லவில்லை. படியேறிப் போனார். முதலாளியின் பக்கத்தில் நின்று, மெதுவாகச் சொன்னார்.

“இருக்கறதே போதுமுங்.”