கதவுக்குப் பின்னால் மாட்டிய அட்டை

அன்னதான மடத்துக்கு நூற்றுக்கு முப்பத்தெட்டு மதிப்பெண் போட்டுவிட்டுப் போனார் உணவுப் பாதுகாப்பு அலுவலர். ஹோட்டலோ மெஸ்ஸோ மடமோ, அந்த ஊரில் சமைத்துப் போடுகிற இடமெல்லாம் சாப்பிட வருகிறவர்கள் கண்ணில் படும்படி மதிப்பெண் அட்டையை மாட்டியாக வேண்டும்.

மடைப்பள்ளியைப் பார்த்துக்கொள்ளும் சீடர் குழந்தைவேலுவும் மாட்டினார். எங்கே? பந்திக்கூடத்துக் கதவில். கதவைத் திறந்தால் அட்டை சுவர்ப்பக்கம் போய் ஒட்டிக்கொள்ளும். எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு சாத்தினால்தான் வெளியே தெரியும். சட்டத்துக்குச் சட்டமும் ஆச்சு, மானத்துக்கு மானமும் ஆச்சு என்று நினைத்தார் மனுஷன்.

மத்தியானம் முதல் பந்தி உட்காரும் நேரத்தில் கதவு காற்றில் அசைந்தபோது மடத்துச் சாமி அதைப் பார்த்துவிட்டார். சாமி குழந்தைவேலுவைவிட வயதில் இளையவர். ஆனாலும் குரு குருதான். அன்றைக்கு அவருக்கு ஏனோ ஒரே அலுப்பு.

"இதை வாசல்ல மாட்டுங்க," என்றார்.

குழந்தைவேலுவுக்குப் பொறுக்கவில்லை. பாதி ஆயுசு அடுப்படியில் வெந்தவர். மனசில் இருந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தார். கட்டட வேலைக்குப் போகிற செண்பகம் போன வாரம் இங்கே சாப்பிட்டுவிட்டு வாந்திபேதியில் ஆஸ்பத்திரியில் கிடந்தாளே, எழுந்ததும் எங்கே வந்தாள்? இதோ, முதல் வரிசையில் இலை முன்னால் உட்கார்ந்திருக்கிறாள் என்றார்.

"ஹோட்டல்னா அட்டையைப் பார்த்துட்டு அடுத்த கடைக்குப் போவாங்க சாமி. இவங்க எங்க போவாங்க? பசி வந்தா பத்தும் பறந்து போகும்பாங்க. இந்த முப்பத்தெட்டு மட்டும் நிக்குமா?"

செண்பகத்தின் கையில், ஊசி குத்திய இடத்தில், இன்னும் பஞ்சு ஒட்டியிருந்தது. சாமி அவளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"எனக்கும் இலை போடுங்க."

இலை வந்தது. சாமிக்கென்று தனி அடுப்பு, தனி வெண்கலப் பானை. குழந்தைவேலு தன் கையாலேயே புளி போட்டுத் தேய்த்து, கிணற்றுத் தண்ணீரைத் துணியில் வடிகட்டிப் பொங்குகிற சோறு. அதை எடுக்கப் போனவரைச் சாமி நிறுத்தினார்.

"அது வேண்டாம். அண்டாச் சோறு போடுங்க."

அண்டாவரைக்கும் போன கரண்டி அங்கேயே நின்றுவிட்டது. குழந்தைவேலுவின் முகத்தில் ஈயாடவில்லை. அண்டாவுக்குத் தண்ணீர் வருவது மொட்டைமாடித் தொட்டியிலிருந்து. அந்தத் தொட்டியை அலுவலர் திறந்தபோது புறா இறகு மிதந்ததை அவரும் கூட நின்று பார்த்தார். அதற்குப் பிறகும் அதே தண்ணீர்தான்.

"சாமி, உங்களுக்கு அது வேண்டாம்."

"ஏன்?"

பந்தி முழுக்கக் குழந்தைவேலுவையே பார்த்தது.

சாமி எழுந்தார். அண்டாச் சோற்றைக் கொட்டச் சொல்லிவிட்டு, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மாடி ஏறினார். குழந்தைவேலு பின்னாலேயே ஓடினார். தொட்டியைக் கழுவி, அண்டாவைத் தேய்த்து, கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்து மறுபடி உலை வைப்பதற்குள் வெயில் சாய்ந்துவிட்டது. காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். மேஸ்திரி திட்டுவார் என்று செண்பகம் வெறும் வயிற்றோடு எழுந்து போய்விட்டாள்.

கடைசிப் பந்தியில் குருவும் சீடரும் அண்டாச் சோறு சாப்பிட்டார்கள். இரண்டு பேருக்கும் இடுப்பு விட்டுப்போயிருந்தது. கை கழுவும்போது குழந்தைவேலு மெல்லக் கேட்டார்.

"அதான் எல்லாத்தையும் கழுவியாச்சே சாமி. இனியும் அந்த அட்டை எதுக்கு?"

சாமி சுவரில் சாய்ந்துகொண்டார்.

"தனிப் பானைச் சோறு எதுக்குன்னு நான் ஒரு நாளும் கேட்டதில்லை. தின்னுட்டுப் போயிட்டேன். அது வேண்டாம்னு எனக்குச் சொல்ல நீங்க இருந்தீங்க. செண்பகத்துக்கு யார் இருக்கா? அட்டையாவது சொல்லட்டும்."