பால் பொங்குதாம்

தென்காசிக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில் ஓர் ஆசிரமம். அதை நடத்தும் அம்மாவுக்கு நாற்பது வயதுகூட இருக்காது. ஞானம் தேடி வந்து, காபி நன்றாயிருக்கிறதே என்று தங்கிவிட்டவர்களும் அங்கே உண்டு.

அறவாழி அந்த ரகமில்லை. அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆசிரமத்துப் பிள்ளைகளை வேனில் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவதுதான் அவருக்குப் பூஜை, தியானம், எல்லாம்.

அன்று காலை வேன் சாவியை அம்மாவின் காலடியில் வைத்தார்.

"போன வாரம் ஆட்டுக்குட்டி ஒண்ணு குறுக்கே வந்துச்சும்மா. தூரத்துலயே பார்த்துட்டேன். பிரேக்குக்குக் கால் போகலை. குட்டி தானாத் துள்ளித் தப்பிச்சுது. நாளைக்கு அது ஒரு பிள்ளையா இருந்தா?"

"டாக்டர்கிட்டப் போனீங்களா?"

"போனேன். கண்ணுல கோளாறு இல்லையாம். மூளையிலயும் எந்த எடமும் கெடலையாம். ஒரு எடத்துலேருந்து இன்னொரு எடத்துக்குச் சேதி போற இணைப்புதான் தளர்ந்திருக்காம். அதான் கண்ணு பார்த்தது மனசுல தைக்கவும், அது காலுக்குப் போய்ச் சேரவும் தாமதமாகுதுன்னாரு. எல்லாம் நல்லா இருந்தா ஏன் தாமதமாகணும்? எனக்கு விளங்கலை. நீங்கதான் சொல்லணும்."

"உள்ளே போய் எனக்கு ஒரு டம்ளர் பால் வாங்கிட்டு வாங்க, அண்ணாச்சி."

மூளையைப் பற்றிக் கேட்டால் பால் கேட்கிறார்! அறவாழி முணுமுணுக்காமல் போனார். சீடர் என்றால் சும்மாவா?

அடுப்படியில் சமையல் பார்க்கும் சொர்ணமும் தவமணியும் இருந்தார்கள். ரசத்துக்குப் பெருங்காயம் முதலிலா, கடைசியிலா என்று தொடங்கிய சண்டை. ஒரு மாதமாகப் பேச்சில்லை. சொர்ணம் எட்டத்து மூலையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தவமணி அடுப்புக்கு முதுகைக் காட்டித் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். திரும்பிக் கை நீட்டினால் பால் பாத்திரம்.

பால் விளிம்புக்கு ஏறியது. சொர்ணம்தான் பார்த்தாள்.

"அண்ணாச்சி, பால் பொங்குதுன்னு அடுப்புக்கிட்ட இருக்கிறவககிட்டச் சொல்லுங்க."

"தவமணி, பால் பொங்குதாம்."

"யாரு சொன்னா?"

"சொர்ணம்."

"பார்த்தவகளுக்கு வாய் இல்லையாமா? கேட்டுச் சொல்லுங்க."

அவர் மறுபடி சொர்ணத்தின் பக்கம் திரும்புவதற்குள் பால் அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் ஓடியது. மூன்று பேர், ஆறு கண். ஒரு பாத்திரத்தை இறக்க ஆளில்லை.

வெறும் டம்ளரோடு திரும்பி வந்து நடந்ததைச் சொன்னார்.

"சொர்ணத்துக்குக் கண்ணு மங்கலா?"

"சேச்சே. உளுந்துல கிடக்கிற கல்லு அவகிட்டத் தப்ப முடியாது."

"தவமணிக்குக் கை மந்தமோ?"

"தோசையைத் திருப்புறதே கண்ணுக்குத் தெரியாதும்மா."

"அப்புறம் பால் ஏன் தரையில ஓடுது?"

"நடுவுல சேதி போய்ச் சேரலைம்மா." அறவாழி டம்ளரைக் கீழே வைத்தார்.

அம்மா சாவியை எடுத்துத் தன் முந்தானையில் முடிந்துகொண்டார்.

"அப்போ இனிமே நான் வேனைத் தொடக் கூடாதா? பிள்ளைக ஏறும்போதே 'வேன் தாத்தா'ன்னு கத்திக்கிட்டுத்தான் ஏறும்."

"கொல்லையில பலாப்பழம் ஒண்ணு பழுத்திருக்கு. அந்த ரெண்டு பேருக்கும் நடுவுல வச்சு உரிக்கச் சொல்லுங்க. கைக்குத் தடவ எண்ணெய்க் கிண்ணம் ஒண்ணே ஒண்ணு வைங்க."

"நான் பக்கத்துல நின்னு எடுத்துக் கொடுக்கட்டுமா?"

"நீங்க கொடுத்த லட்சணத்தைத்தான் பார்த்தேனே! வச்சிட்டு வெளியே வந்துடுங்க. விரல்ல பிசின் ஒட்டினா, ஒருத்தர்கிட்ட ஒருத்தர் கேட்டுத்தானே ஆகணும்."

"ஒரு பழத்துல சரியாயிடுமாம்மா?"

"மரத்துல நிறையக் காய்ச்சிருக்கு, அண்ணாச்சி. கேட்டுக் கேட்டுப் பழகினாத்தான் விட்டுப்போன பேச்சு ஒட்டும்; உங்க கண்ணுக்கும் காலுக்கும் அப்படித்தான். பால் தரைக்கு வராத காலையா பார்த்து வந்து சாவியைக் கேளுங்க. அன்னைக்குப் பிள்ளைக வேண்டாம். பக்கத்து சீட்டுல நான் உட்கார்ந்து வாரேன்."