சின்னவள் சுற்றிய சுற்று

எஸ்தருடைய வயிற்றில் மகன் ஜெரின் கடுகளவு இருந்தபோதே அவன் தலைக்குள் பல வகைச் செல்களைப் பெற்றெடுக்கும் ஒரு குருத்துச் செல் குடித்தனம் தொடங்கிவிட்டாள். பெரிய குடும்பக்காரி. அவள் பெற்றவர்களில் மூன்று பேரைப் பற்றித்தான் இந்தக் கதை.

முதலில் பெரியவன். பிறந்ததும் உச்சந்தலைக்கு ஏறி உட்கார்ந்து, இடுப்பு வரைக்கும் ஓர் இழையை இறக்கி, நரம்புச் செல் ஆகிவிட்டான். காலுக்குச் சேதி சொல்லும் வேலை தன்னுடையது என்று ஒரே மிதப்பு. அடுத்தவள் நடுவுள்ளவள். பெரியவனுக்கு வேளா வேளைக்கு ஊட்டுவதும் அவனைச் சுற்றித் துப்புரவு பார்ப்பதும் அவள் பொறுப்பு.

கடைசியாக வந்தாள் சின்னவள். ஊரெல்லாம் சுற்றித் திரிவாள். என்ன ஆகப் போகிறாய் என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான்.

"நான் என்ன வேணும்னாலும் ஆவேன். இப்ப என்ன அவசரம்?"

ஜெரின் பிறந்தான், குப்புற விழுந்தான், தவழ்ந்தான். வயது ஒன்றே கால் ஆயிற்று. கட்டிலைப் பிடித்து நிற்பான். கையை விட்டால் தொப்பென்று உட்கார்ந்துவிடுவான்.

"இவன் வயசுப் பிள்ளைங்க தெருவையே சுத்தி வருது. நம்ம பிள்ளைக்கு என்னங்க?" என்று எஸ்தர் கணவனிடம் கேட்டாள்.

பெரியவனுக்குச் சுருக்கென்று தைத்தது. அவன் என்ன, சேதி அனுப்பாமலா இருந்தான்? தொண்டை கிழியக் கத்திக்கொண்டுதான் இருந்தான். கூடப்பிறந்த வேறு பலர் அவன் இழையை உறைபோலச் சுற்றியிருந்தார்கள். உறை உள்ள இடங்களில் சேதி பறந்தது. இடுப்புக்குச் சற்று மேலே மட்டும் இழை வெறுமையாகக் கிடந்தது. அங்கே வந்ததும் சேதி கசிந்து, தள்ளாடி, கால் ஊன்ற வேண்டிய நேரம் தாண்டித்தான் போய்ச் சேர்ந்தது. பக்கத்திலேயே சின்னவள் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"சின்னக்குட்டி, அந்த இடத்தை நீ சுத்திக்கோயேன்" என்றான்.

"நல்லா இருக்கே! உன்னை மாதிரி சேதி சொல்லப் பொறந்தவ நான். உனக்குத் துணி சுத்தவா?"

"சொல்லி என்னடி பிரயோஜனம்? போய்ச் சேர மாட்டேங்குதே!"

"அண்ணன் கெஞ்சி நான் பார்த்ததே இல்லை" என்றாள் நடுவுள்ளவள்.

சின்னவள் அந்த வெறும் இழையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"சுத்திட்டா, திரும்ப அவுத்துக்கலாமா?"

பெரியவன் பொய் சொல்லவில்லை. "முடியாது. நரம்பு ஆனப்ப நானும் மத்த எல்லாத்தையும் விட்டுட்டுத்தான் ஆனேன். பயமாத்தான் இருந்துச்சு."

சின்னவளுக்கு மனசே வரவில்லை. எதுவாகவும் ஆகலாம் என்கிற நினைப்பில் எத்தனை சுகம்! அதைக் கையால் தூக்கிக் கொடுப்பதா?

வெளியே ஜெரின் மறுபடி எழுந்தான். கையை விட்டான். இந்தத் தடவை கட்டில் கால் உதட்டைக் கிழித்தது. எஸ்தர் வாரி எடுத்து, அவளும் சேர்ந்து அழுதாள். அந்த அழுகை உள்ளே வரை கேட்டது.

"சரி, போதும். வழி விடுங்க" என்றாள் சின்னவள்.

உடம்பை மெல்லிசாக நீட்டினாள். இழையை ஒரு சுற்றுச் சுற்றினாள். பத்துச் சுற்று, இருபது சுற்று. நாள் கணக்கில் சுற்றினாள். நடுவுள்ளவள் பக்கத்திலேயே இருந்து பசியாற்றினாள்.

ஒரு மாதம் போயிருக்கும். காலையில் ஜெரின் கட்டிலை விட்டான். ஆடினான். பெரியவன் சேதியை விட்டான். அது சின்னவளின் சுற்றுக்குள் சர்ரென்று ஓடியது. வலது கால் ஊன்றியது. பின்னாலேயே இடது கால்.

"என்னங்க, ஓடி வாங்க! பிள்ளை நடக்கான் பாருங்க!" எஸ்தரின் சத்தத்தில் வீடே அதிர்ந்தது.

பெரியவன் அழுதே விட்டான்.

"சின்னக்குட்டி, என்னென்னவோ ஆகியிருப்பியே! எல்லாத்தையும் எனக்காக விட்டுட்டியே!"

"அழுகையை அப்புறம் வச்சுக்கண்ணே. மூணாவது அடிக்குச் சேதி எங்கே?"