பூவாத்தா தன்னையே திட்டிக்கிட்ட கதை

ஒரு ஊர்ல ஒரு பரிசல்காரி இருந்தா. பேரு பூவாத்தா. ஆத்துக்கு இந்தப் பக்கம் ஊரு, அந்தப் பக்கம் சந்தையும் ஆஸ்பத்திரியும். பாலம் கிடையாது. பூவாத்தாவோட பரிசல்தான். சளப் சளப்னு துடுப்புப் போட்டா கரை வந்துரும். ம் சொல்லு.

ஒரு நாள் சந்தையிலேர்ந்து திரும்பறப்ப பரிசல் சுழல்ல சிக்கிருச்சு. கிறுகிறுன்னு சுத்துது. பூவாத்தா பல்லைக் கடிச்சுக்கிட்டு பரிசல்ல இருந்த நாலு பேரையும் கரை சேத்துட்டா. ஆனா அதுல நிறைமாசமா இருந்த மருதாயியோட ஆட்டுக்குட்டி ஒண்ணு தொபுக்குனு விழுந்து ஆத்தோட போயிருச்சு. மருதாயி அழுதா, அப்புறம் கண்ணைத் தொடைச்சுக்கிட்டு வீட்டுக்குப் போனா. ஒரு வார்த்தை குத்தம் சொல்லலை.

பூவாத்தாதான் விடலை. சுழலை முன்னாடியே பாத்திருக்கணும், திருப்பியிருக்கணும்னு அதையே நினைச்சு நினைச்சு, நீயெல்லாம் ஒரு பரிசல்காரியா, கையாலாகாதவளேன்னு தன்னையே திட்டிக்கிட்டா. ஊர்ல ஒருத்தரும் திட்டாதப்ப இவளுக்கு ஏன் இந்த வேலை? எனக்குச் சொல்லும்போதே பத்திக்கிட்டு வருது. பரிசலைக் கவுத்துப் போட்டுட்டு வீட்டுக்குள்ள குந்திட்டா.

அப்புறம் மொத நாள் ஊர் வாத்தியார் வந்து, அக்கரைக்குப் போகணும்னு கூப்பிட்டாரு. மாட்டேன்னுட்டா. மறுநாள் பூக்காரங்க வந்து, சந்தைக்குப் போகாம பூவெல்லாம் வாடுதுன்னாங்க. நான் ஏத்தினா முங்கிப்போவீங்கன்னு கதவைச் சாத்திக்கிட்டா. தூங்கிட்டியா? ம்... சரி.

மூணாம் நாள் காலையில மருதாயியே வந்தா, மாமியார் தோள்ல சாஞ்சுக்கிட்டு. பிரசவ வலி. அப்போவும் பூவாத்தா, நான் உதவாக்கரை, வேற யாரையாச்சும் பாருன்னு சொன்னா.

வலியையும் மீறி மருதாயிக்குக் கோவம் வந்துருச்சு. "போனது என் குட்டி. நானே உன்னைத் திட்டலை. சுழல்லேர்ந்து என்னை வயித்துப் பிள்ளையோட கரை சேத்தவ பூவாத்தா. அவளை வாய்க்கு வந்தபடி பேச நீ யாரு?"

பூவாத்தாவுக்குக் கண்ணு ரொம்பிருச்சு. போய்ப் பரிசலை நிமித்தினா.

நடு ஆத்துல, உன்னால ஆகாதுன்னு மனசு மறுபடி ஆரம்பிச்சுது. அப்போ பூவாத்தா, அழுவற பிள்ளைகிட்டப் பேசற மாதிரி, தனக்கே மெதுவா சொல்லிக்கிட்டா. "பயந்துட்டியா தாயி? பயம் வரத்தான் செய்யும். ஒரு துடுப்புப் போடு. அப்புறம் இன்னொண்ணு."

சளப். சளப். கரை வந்துருச்சு. மத்தியானத்துக்குள்ள மருதாயிக்குப் பொண்ணு பொறந்துருச்சு, குவா குவான்னு.

அப்புறமும் அந்தத் திட்டற மனசு அப்பப்ப வாயைத் திறக்கும். இவளை ஒண்ணும் சொல்லாதேன்னு அதை அதட்டிட்டு, பூவாத்தா பரிசலை எடுத்துருவா.

கதை கரை சேந்தாச்சு கண்ணு, நீயும் கண்ணை மூடிக்க.