மேனேஜர் கற்றுக்கொடுத்த ஃபங்ஷன்

மேனேஜர் தாண்டவமூர்த்தி, எந்த வேலை வந்தாலும் அதை அடுத்தவர் தலையில் கட்டிவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். புதிதாகச் சேர்ந்த புரோகிராமர் பொற்கொடி, முதலாளியம்மா எதிரிலேயே கேட்டுவிட்டாள்: "நீங்க என்ன சார் வேலை பாக்குறீங்க?"

அவருக்குச் சுர்ரென்று ஏறியது. "ஒண்ணுல இருந்து பத்து லட்சம் வரைக்கும் லிஸ்ப் மொழியில புரோகிராம் எழுதிக் கூட்டிக் காட்டு. லூப் போட்டுத் திரும்பத் திரும்பச் சுத்தவிடக் கூடாது. முடியலைன்னா நாளையிலிருந்து வராதே!"

ஒரு எண்ணைக் கூட்டியதும் அடுத்த எண்ணுக்காகத் தன்னைத்தானே மறுபடி கூப்பிடும் ஃபங்ஷன் ஒன்றை, குட்டி புரோகிராமாக, நாலே வரியில் எழுதினாள்.

மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஒவ்வொரு தடவை கூப்பிடுறதும் ஒரு ஆள் மாதிரி. பத்து லட்சம் பேர் அடுத்தவன் பதிலுக்காகக் காத்து நிப்பாங்க. கம்ப்யூட்டர் மெமரி நிரம்பி வெடிக்கும் பாரு!"

வெடிக்கவில்லை. விடை வந்தது.

"எப்படி?" என்றார் முதலாளியம்மா.

"சார்கிட்ட கத்துக்கிட்டதுதான் மேடம். இதுவரைக்கும் கூட்டினதையும் மிச்ச வேலையையும் அடுத்தவன் கையில கொடுத்துட்டு, ஒவ்வொருத்தனும் காத்திருக்காம கிளம்பிடுவான். கடைசி ஆள் விடையை நேரா கேட்டவங்ககிட்டயே சொல்லிடுவான். நடுவுல யாரும் தேவையில்லை."

"இந்த ஆபீஸ்ல அப்படி வேலையை முடிக்கிற கடைசி ஆள் யாரு?"

எல்லோரும் பொற்கொடியைக் காட்டினார்கள்.

"இனிமே நேரா என்கிட்டயே சொல்லும்மா. தாண்டவமூர்த்தி, நீங்க கிளம்பலாம்."

சொல்லவே வேண்டியதில்லை. பழக்கதோஷத்தில் அவர் அப்போதே பையை மாட்டியிருந்தார்.