ஆனைப்பாறை வகுப்பு

ஆனைப்பாறை இன்றும் அதே இடத்தில்தான் இருக்கிறது. டவர் வந்துவிட்டதால் அதில் ஏறத்தான் ஆளில்லை.

அந்த நாளில் மலைமேல் சிக்னல் கிடைத்த ஒரே இடம் அது. பதிகள் எனப்படும் இருளர் குடியிருப்புகளில் வேலை பார்த்த நர்ஸ்கள் வியாழக்கிழமை தவறாமல் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறுவார்கள். ஒரே போனை நடுவில் வைத்து, அவித்த கடலையைக் கொறித்துக்கொண்டு சுற்றி உட்காருவார்கள். மதுரையிலிருந்து டாக்டர் மங்கையர்க்கரசி மனநலப் பாடம் நடத்துவார். காற்று பாதிப் பாடத்தைத் தின்றுவிடும். இருந்தாலும் அப்படியொரு வகுப்பு இனி வாய்க்காது.

போனில் படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதிர்முனை கொஞ்சம் ஓய்ந்தால் போதும், "ஹலோ, கேக்குதுங்களா?" என்று கத்திவிடுவார்கள். நர்ஸ் லூர்துமேரிக்கு அது முற்றிப்போய், பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்த புருஷனிடமும் ஹலோ சொன்னாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

நஞ்சன் விஷயத்தில்தான் சிரிப்பு நின்றது.

பதியில் இருந்த நஞ்சனின் மனைவி பிரசவத்தில் இறந்துபோனாள். அன்றிலிருந்து அவன் சோறு தண்ணி இல்லாமல் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தான். பச்சைக் குழந்தையை அவன் அக்காதான் வைத்திருந்தாள்.

"இவனும் போயிருவானாட்டம் இருக்குதுங்க சிஸ்டர்" என்று அவள் அழுதாள்.

லூர்துமேரி போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெகுநேரம் கழித்து நஞ்சன் வாய் திறந்தான்.

"அன்னைக்கு அவ..." என்றவன் நிறுத்தினான்.

பழக்கம் யாரை விட்டது? "ஹலோ, சொல்லுங்க, கேக்குதுங்களா?" என்றாள் லூர்துமேரி.

அவன் எழுந்து உள்ளே போய்த் தட்டியைச் சாத்திக்கொண்டான்.

அந்த வியாழக்கிழமை மற்றவர்கள் இறங்கிய பிறகும் அவள் பாறையிலேயே நின்று, டாக்டரிடம் போனில் நஞ்சன் கதையைச் சொன்னாள்.

"டாக்டரம்மா, அவன் பாதியில நிறுத்திட்டா நான் என்னுங்க சொல்லோணும்?"

பதில் இல்லை.

"ஹலோ? கேக்குதுங்களா?"

போனைக் காதில் அழுத்தினாள். லைன் இருந்தது. மதுரையில் குக்கர் விசிலடித்தது. டாக்டர் மூச்சு விடுவதும் கேட்டது.

லூர்துமேரிக்குக் கோபம் வந்தது. வயதில் தன்னைவிடச் சின்னவள், படித்த திமிர் என்று நினைத்தாள். கொஞ்ச நேரத்தில் கோபமும் ஓய்ந்தது. பாறையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நஞ்சன் பொண்டாட்டி, அந்தப் புள்ள, என்ற மடியிலதானுங்க போச்சு" என்றாள் திடீரென்று. "ஆஸ்பத்திரிக்குப் போற ஜீப்புல. ஒண்ணும் ஆகாது கண்ணு, ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லீட்டே வந்தனுங்க."

யாரிடமும் அவள் அதைச் சொன்னதில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அழுது முடிக்கும்வரை அந்தப் பக்கமிருந்து ஒரு சொல் வரவில்லை. மூச்சு மட்டும் கேட்டது.

மூக்கைச் சிந்திவிட்டு, "நாளைக்கு நஞ்சங்கிட்ட போறனுங்க. என்னன்னு சொல்லட்டுங்க?" என்றாள்.

"இப்ப நான் உங்ககிட்ட என்னக்கா சொன்னேன்?"

லூர்துமேரி யோசித்துப் பார்த்தாள்.

"நீங்க ஒண்ணுமே சொல்லலீங்களே."

"ஆமா" என்றார் டாக்டர். "ஆனா போனை வைக்கலையேக்கா."