முதலில் சோறு

"பிள்ளைகளுக்கு மண்டையில ஒண்ணுமே ஏறல, டீச்சர். நான் இந்த வேலைக்கு லாயக்கில்ல போல."

வந்ததும் வராததுமாகப் பனிமயம் இதைத்தான் சொன்னாள். இடுப்பில் கைக்குழந்தை. சேலையெல்லாம் சாக்பீஸ் தூள்.

ஜெனோவா டீச்சர் அடுப்பில் மீன்குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் அவள் சமைக்கிற வழக்கம் இல்லை. பனிமயம் அதைக் கவனிக்கவில்லை.

ஜெனோவா வயதில் இளையவள். ஆனாலும் பனிமயத்துக்குக் குரு என்றால் அவள்தான். அஞ்சாம் வகுப்போடு நின்றுபோனவளைக் கல்யாணத்துக்கு அப்புறம் உட்காரவைத்துப் பத்தாவது எழுதவைத்தாள். கோயிலுக்குப் பின்னால் வலைக்கொட்டகையில் நடக்கும் வகுப்பையும் இந்த வருசம் பனிமயத்திடமே விட்டிருந்தாள்.

"இன்னைக்கு என்ன பாடம், அக்கா?"

"முரண்நகை."

"எப்படிச் சொல்லிக் குடுத்தீங்க?"

"நீங்க எனக்குச் சொன்ன மாதிரிதான். கதைக்குள்ள இருக்கிறவனுக்குத் தெரியாது. கேக்கிறவனுக்குத் தெரியும். அவ்வளவுதான் முரண்நகைன்னேன்."

"கதை?"

"ஒரு கஞ்சன். கள்ளனுக்குப் பயந்து வாசக்கதவுக்குப் பூட்டு மேல பூட்டா போடுதான். இழுத்து இழுத்துப் பாக்கான். கள்ளன் உள்ள, கட்டிலுக்கு அடியில படுத்துக் கிடக்கான். கஞ்சன் நிம்மதியா அந்தக் கட்டில்லயே போய்ப் படுக்கான். சொல்லிட்டு நானே சிரிக்கேன், டீச்சர். ஒரு பிள்ளை சிரிக்கணுமே! எழவு வீட்டுல இருக்கிற மாதிரி உக்காந்திருக்குதுக."

கரண்டி நின்றது. பிறகு மறுபடியும் சுற்றியது.

"அப்புறம்?"

"சரி, கதை வேண்டாம், இலக்கணமாவது ஏறட்டும்னு பெயரெச்சத்துக்குப் போனேன். ஒரு பேருக்கு முன்னால சின்னதா ஒரு வாக்கியத்தைக் கட்டிவிடணும். அம்மா சுட்ட அப்பம். பூனை தின்ன மீன். இப்ப நீங்க சொல்லுங்கன்னு போர்டுல 'வள்ளம்'னு எழுதினேன். எப்படிப்பட்ட வள்ளம்? கடக்கரைப் பிள்ளைகளுக்கு இதவிட லேசா என்னத்தக் குடுக்க?"

"சொன்னாங்களா?"

"வாயத் திறந்தால்ல! ஜெசிந்தா மட்டும் எந்திரிச்சா. 'கடலுக்குப் போன வள்ளம்'னா. நல்லா இருக்கு, இன்னும் நீட்டிச் சொல்லுன்னேன். ஓன்னு அழுதுட்டா. மக்குப் பிள்ளை, இதுக்குப் போயி அழுதியேன்னு ஏசி உக்கார வச்சேன்."

ஜெனோவா அடுப்பை அணைத்தாள்.

"அதோட விட்டுச்சுதுகளா? ஒவ்வொண்ணா வருது. ஒருத்தன் பன் ரொட்டிய நீட்டுதான். ஒருத்தி அவிச்ச கிழங்க நீட்டுதா. சாப்பிடுங்க டீச்சர், சாப்பிடுங்க டீச்சர்னு. பாடத்துல இருந்து தப்பிக்க லஞ்சம்! நானும் பிள்ளையா இருந்து வந்தவதான. எனக்குத் தெரியாதா?"

பனிமயம் சிரித்தாள். உதடு காய்ந்து வெடித்திருந்ததால் சிரிப்பு வலித்தது.

"சாப்பிட்டீங்களா?" ஜெனோவா மெதுவாகக் கேட்டாள்.

"எப்படிச் சாப்பிட? நேர்ச்சைலா. எல்லா வள்ளமும் நேத்தே வந்தாச்சு. எங்க வீட்டுக்காரவிய வள்ளம் மட்டும்தான் பாக்கி. இன்ஜின் கோளாறாம். வேற ஏதோ கரையில ஒதுங்கிக் கிடக்காவளாம். அவிய வந்து இறங்குத வரைக்கும் பச்சத்தண்ணிதான்னு அந்தோணியாருக்கு நேர்ந்திருக்கேன்."

"ம்."

"ஊர்க்காரிகளுக்கு அது பொறுக்கல. காலையில இருந்து சாப்பிடு சாப்பிடுன்னு உசிர எடுக்காளுக. வார வழியில லூர்து சித்தி கையப் பிடிச்சு இழுக்கா, ரெண்டு வாய் தின்னுட்டுப் போன்னு. அடுத்தவ நேர்ச்சைய முறிக்கிறதுல அப்படி என்ன ஆசையோ!"

அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு.

கடல் ஓர் ஆளை எடுத்துக்கொண்டால், அவன் வீட்டுக்காரிக்கு முதலில் சோறு. பிறகுதான் சேதி. வெறும் வயிற்றுக்காரியிடம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். சேதி கேட்டபின் அவள் எப்போது சாப்பிடுவாளோ, யார் கண்டது? சோற்றையும் அவள் கையால் அள்ள விடுவதில்லை. ஒருத்தி பிசைந்து ஊட்டுவாள்.

போன மழைக்காலத்தில் சிசிலிக்கு ஊட்டியது பனிமயம்தான். கை நடுங்காதவள் என்று அவளைத்தான் கூப்பிட்டுவிட்டார்கள்.

இடுப்பில் குழந்தை சிணுங்கியது. பனிமயம் தரையில் உட்கார்ந்து மாராப்புக்குள் அதைப் போட்டுக்கொண்டாள். அது வாய் வைத்தது. இழுத்துப் பார்த்தது. விட்டுவிட்டு அழுதது.

"இதுக்கும் நான் என்ன செய்யட்டும்? பால் ஊறமாட்டேங்கு. இதோட அப்பா வரட்டும், எல்லாம் ஊறும்."

ஜெனோவா எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, அந்தக் கஞ்சன் கதைக்குச் சிரிக்காம இருக்கவும் ஒரு வழி இருக்கு."

"என்ன வழி?"

"அந்தக் கஞ்சன் நமக்குப் பிடிச்சவனா இருக்கணும்."

பனிமயம் யோசித்தாள். "நம்ம ஆளா இருந்தா எப்படிச் சிரிக்க? கள்ளன் உள்ள இருக்கான்னு கத்தத்தான் தோணும்."

"கத்தக் கூடாதுன்னு ஒரு கட்டு இருந்தா?"

"பாவம். அப்ப கேக்கிறவன் என்ன செய்வான்? தலையக் குனிஞ்சு..."

பனிமயம் பாதியில் நிறுத்தினாள்.

ஜெனோவா எழுந்து போய்த் தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்தாள். குழம்பை ஊற்றினாள். முள் எடுத்தாள். பிசைந்தாள். சூடு போக ஊதினாள். ஓர் உருண்டை உருட்டி நீட்டினாள்.

கை நடுங்கியது.

பனிமயம் சோற்றைப் பார்க்கவில்லை. அந்தக் கையைப் பார்த்தாள்.

குழந்தை அழுதுகொண்டே இருந்தது.

"இன்ஜின் கோளாறுன்னுதான சொன்னாவ?"

ஜெனோவா உருண்டையை இன்னும் கொஞ்சம் கிட்டே நீட்டினாள்.

"நான் சாப்பிடாத வரைக்கும் யாரும் எங்கிட்ட ஒண்ணும் சொல்ல முடியாது. அப்படித்தான, டீச்சர்?"

"முடியாது, அக்கா."

"நான் இப்படியே கிடந்தா?"

"சொல்ல மாட்டோம்."

"அதுவரைக்கும் அவிய வேற கரையிலதான் இருப்பாவ."

"ஆமா."

கொட்டகைப் பக்கமிருந்து ஒரு சத்தமும் இல்லை. வகுப்பு விட்டதும் கூச்சல் போட்டுக்கொண்டு கடற்கரைக்கு ஓடும் பிள்ளைகள். பனிமயம் திறந்திருந்த கதவு வழியே எட்டிப் பார்த்தாள். ஒரு பிள்ளையும் வீட்டுக்குப் போகவில்லை. டீச்சர் வீட்டு வாசலை ஒட்டி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஜெசிந்தா மடியில் சோற்றுப் பொட்டலம் பிரிக்காமல் இருந்தது.

உருண்டை ஆறிக்கொண்டிருந்தது. நீட்டிய கை நீட்டியபடி இருந்தது.

குழந்தை மறுபடியும் மாரைத் தேடியது.

"அந்தப் பிள்ளைய மக்குன்னு ஏசிட்டேன், டீச்சர்" என்றாள் பனிமயம்.

வாயைத் திறந்தாள்.